ட்ரூப்பர் பயிற்சிக்கு முன் ஓட்டம்: அனுபவசாலிகள் உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் போலீஸில் ட்ரூப்பராக, அதாவது மாநிலக் காவலராகச் சேர, ஹெர்ஷியில் உள்ள அதன் பயிற்சி அகாடமிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஓட்ட அட்டவணை போடுகிறோம். உடல்தகுதித் தேர்வில் 300 மீட்டரும் உண்டு, ஒன்றரை மைலும் உண்டு. தினமும் நீள ஓட்டம் மட்டும் ஓடுகிறவர்களுக்கு 300 மீட்டரில் கடைசி 100 வரும்போது தொடை கல்லாகிவிடுகிறது. அதனால் வாரம் ஒருநாள் 150 மீட்டர் வேக ஓட்டம் ஆறு தடவை, நடுவே மூன்று நிமிட ஓய்வு.

பெரிய தலைவலி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி. தார் ரோட்டில் தூரத்தைச் சட்டென்று கூட்டினால் வந்துவிடுகிறது. அகாடமியிலேயே தங்கிப் பயிலும் மாதங்களில் அது ஆற நேரமே கிடைக்காது, பாவம்.

வாரத்துக்கு எவ்வளவு தூரம் கூட்டலாம்? புல்தரை போதுமா? அகாடமி முடித்தவர்கள், பயிற்சியாளர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.