தம்பி தெளிந்துவிட்டான் என்கிறார்கள், எனக்குத்தான் பயமாக இருக்கிறது

கேள்வி (திருச்சி அக்கா)

தம்பிக்கு 24 வயது, ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்தான். காதில் குரல் கேட்பது குறைந்துவிட்டது, யார் மேலும் சந்தேகம் இல்லை, அம்மா நேர்த்திக்கடன் முடிக்க சமயபுரத்துக்கே போய்விட்டு வந்துவிட்டார். ஆனால் நேற்று ராத்திரி, "கூடப் படிச்சவங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க, இனிமே நான் இப்படியேதான் இல்லக்கா?" என்றான். இன்று காலை தன் கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி, என்னைக்கூடத் தொட விடாமல் வைத்திருந்த மட்டை. நானாகப் பேச்செடுத்தால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகிவிடுமோ?

பதில் 1 (மனநல வார்டு நர்ஸ்)

ஆகாதும்மா. கேட்பதால் அந்த எண்ணம் வராது, உள்ளே இருந்தால் வெளியே வரும். "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள், இன்றைக்கே.

குரல் அதட்டும்போதுதான் ஆபத்து என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் நோய் தொடங்கிய முதல் சில வருடங்களும், டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் சில வாரங்களும் மிகவும் கவனிக்க வேண்டியவை, அதிலும் நன்றாகப் படித்த பையன், தனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று புரிந்து, இழந்ததையெல்லாம் எண்ணிப் பார்க்கிற நேரம் இது. உங்கள் தம்பி சொன்னது அதைத்தான். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 100-க்கு 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்பது ஆய்வுகளின் கணக்கு, அதனால் மட்டையைக் கொடுத்ததைச் சாதாரணமாக விடாதீர்கள்.

இன்னொன்று, ஒரு இடத்தில் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்துகொண்டே இருக்கிறானா? மாத்திரையால் வரும் தவிப்பு அது, அகதீசியா என்போம். தாங்க முடியாத வேதனை, ஆனால் டாக்டர் அளவை மாற்றினாலே குறையும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரை டப்பா உங்களிடம் இருக்கட்டும், தம்பியைத் தனியாக விடாதீர்கள். ராத்திரியானாலும் 14416-க்குக் கூப்பிடலாம், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள்.

பதில் 2 (எனக்கும் இதே நோய்)

அக்கா, குரல் என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். எனக்கு "போய்ச் சேரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது, டாக்டர் "குரல் கேட்குதா?" என்பார், "கொஞ்சம் சார்" என்பேன், அதோடு முடிந்துவிடும். என்ன சொல்கிறது என்று என் அண்ணன் கேட்ட அன்றுதான் அழுதேன். அப்புறம் குளோசாபின் தொடங்கினார்கள். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதற்கென்றே 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, ரத்தப் பரிசோதனை தவறாமல் செய்யணும். உங்கள் தம்பிக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

திருச்சி அக்கா (மாலை)

கேட்டுவிட்டேன். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன், கை நடுங்கியது. ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலு நாளா" என்றான். "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலக்கா" என்றான். டாக்டருக்குப் போன் செய்தேன், உடனே கூட்டி வரச் சொன்னார். ஆட்டோ வந்துவிட்டது, அம்மாவும் வருகிறார்.