கனடாவில் கஞ்சா சட்டமான பிறகு உங்களுக்கு நடந்தது என்ன? அனுபவங்களை எழுதுங்கள்

ஸ்காபரோ சித்தப்பா

2018 ஒக்ரோபர் 17இலிருந்து இங்கே கஞ்சா சட்டப்படி சரி. நல்லதா கெட்டதா என்று வாதாட இந்த இழையைத் தொடங்கவில்லை. உங்கள் கண் முன்னால் நடந்த ஒன்றை எழுதுங்கள். என்னுடையது இது.

அமெரிக்கப் பக்கம் பஃபலோவில் ஒரு கலியாணம். அண்ணனின் மகன்தான் மாப்பிள்ளைத் தோழன். எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜில் கார் நின்றது. பெடியன் இங்கே பிறந்தவன், கனடாக் கடவுச்சீட்டு, காரில் உடுப்பையும் பலகாரப் பெட்டியையும் தவிர ஒன்றும் இல்லை. அதிகாரி வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு, "எப்போதாவது கஞ்சா பிடித்திருக்கிறாயா?" என்றார். இவன், "பள்ளிக்கூடக் காலத்தில் ஒன்றிரண்டு தரம். இப்போது எங்கள் நாட்டில் அது சட்டப்படி சரிதானே சேர்" என்றான்.

உள்ளே கூட்டிப்போனார்கள். அவன் சொன்னதையெல்லாம் தட்டெழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தான். போடு என்று சொல்வதா, போடாதே என்று சொல்வதா? எனக்குத் தெரிந்தாலும் அந்தக் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டிருக்காது.

நியூயோர்க் மாநிலம் 2021இல் கஞ்சாவை அனுமதித்தாலும் எல்லையில் செல்வது அமெரிக்க மத்திய சட்டம்தான். அதில் இது தடை. அதோடு இவன் சொன்னது 2018க்கு முந்திய கதை, அப்போது அது இங்கேயும் குற்றம். வழக்கோ தீர்ப்போ வேண்டாம், வாயால் ஒப்புக்கொண்டாலே உள்ளே விடாமல் அனுப்பலாமாம். இனி அந்தப் பக்கம் போவதென்றால் காசு கட்டி விலக்கு அனுமதி எடுக்க வேண்டும். கலியாணத்துக்குப் போகாமலே காரைத் திருப்பினோம். பொய் சொல்லாத பிள்ளைக்கு இதுதான் கிடைத்தது.

இரவுப்பணித் தாதி

அவசரப் பிரிவில் வேலை. எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன்.

மூன்று வயதுப் பிள்ளை. தலை நிற்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண் மட்டும் மெதுவாகத் திரும்பும், உடம்பு திரும்பாது. மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். தாய் தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது. அம்மம்மாதான் கைப்பையைத் திறந்து ஒரு பைக்கற்றை எடுத்து நீட்டினார். "கடைசியாகச் சாப்பிட்டது இதுதான் பிள்ளை. இனிப்புத்தானே?"

கடையில் பிள்ளைகள் கேட்டு அழுகிற அந்தப் புளிப்பு மிட்டாய்ப் பைக்கற் மாதிரியே நிறம், அதே எழுத்து. மூலையில் சின்னதாக 500 மி.கி. அனுமதி பெற்ற கடையில் ஒரு பைக்கற்றுக்கு 10 மி.கி. டி.எச்.சி.க்கு (கஞ்சாவில் போதை தரும் பொருள்) மேல் விற்க முடியாது. பொதியில் படம் இருக்காது, எண்கோணச் சிவப்புக் குறியும் மஞ்சள் எச்சரிக்கையும் இருக்கும், பிள்ளை திறக்க முடியாதபடி மூடியிருப்பார்கள். இதில் ஒன்றுமே இல்லை. வீட்டில் தங்கியிருந்த ஓர் உறவுக்காரப் பெடியனின் மேசையில் கிடந்ததாம்.

பிள்ளை அடுத்த நாள் எழும்பிவிட்டது. ஆனால் இப்படி ஒன்று வந்தால் சிறுவர் பாதுகாப்புக்கு அறிவிப்பது என் சட்டக் கடமை. நான் தொலைபேசியை எடுத்தபோது அம்மம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நான் எடுத்துக் காட்டியதால்தானே எங்களைப் பிடித்துக் கொடுக்கிறாய்?" என்று தமிழில் கேட்டார். அந்த இடத்தில் தமிழ் விளங்கியது எனக்கு மட்டும்தான். அவர் காட்டியிராவிட்டால் அந்தச் சின்ன முதுகில் ஊசி ஏறியிருக்கும். அதைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உண்ணும் வகைகளை 2019 ஒக்ரோபரில் அனுமதித்த பிறகு சின்னப் பிள்ளைகள் இப்படி வருவது கூடியதை ஒன்ராறியோ ஆய்வுகளே காட்டுகின்றன. கியூபெக் மாகாணம் மிட்டாய், சொக்லேற் வடிவங்களை விற்க விடவில்லை. நாங்களும் அப்படிச் செய்திருக்கலாம்.

மோர்னிங்சைட் பழையவன்

தாதி அக்கா, உங்கள் வேலைக்கு மரியாதை. ஆனால் நீங்களே எழுதுகிறீர்கள், அந்தப் பைக்கற் சட்டக் கடையில் வாங்கியது இல்லை என்று. பிறகு எப்படிச் சட்டத்தின் தலையில் பழி போடுகிறீர்கள்? கள்ளச் சரக்கில் 500 இருந்தது. சட்டச் சரக்கில் 10தான் இருக்கிறது. இதை வைத்துச் சட்டம் வேண்டும் என்றுதான் நான் வாதாடுவேன்.

என் கதை சின்னது. பத்தொன்பது வயதில் பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் பிடித்தார்கள். பையில் கிடந்தது ஒரு கிராம்கூட வராது. கையைப் பின்னால் வைத்து விலங்கு போட்டு, கார் மூடியில் கன்னத்தை அழுத்தி வைத்தார்கள். பனிக்காலம். மூடி சுட்டது. அதே நேரம் பக்கத்துக் கோப்பிக் கடையிலிருந்து அப்பாவோடு வேலை செய்கிறவர் வெளியே வந்தார். வீட்டுக்கு நான் போய்ச் சேர முன்னமே செய்தி போய்விட்டது.

அந்தப் பதிவு என்னைவிட்டுப் போகவில்லை. எந்த விண்ணப்பத்திலும் "குற்றத் தீர்ப்பு உண்டா" என்ற பெட்டியில் சரி போட வேண்டியிருந்தது. நண்பர்களே, இது எல்லாருக்கும் சமமாக நடந்ததும் இல்லை. ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை பொலிஸ் தரவுகளை எடுத்துப் பார்த்து 2017இல் எழுதியது: முன்குற்றம் ஏதும் இல்லாதவர்களிலும், கொஞ்சம் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பர்கள் கைதாகும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட மூன்று மடங்கு. புகைத்தவன் எங்கும் இருந்தான். எங்கள் ஸ்காபரோ மால்வேர்னில் நின்றவனைப் பிடித்தார்கள். இது விளங்காமல் "பிள்ளைகள் கெட்டுப்போகுது" என்று கோயில் மண்டபத்தில் கையெழுத்து வாங்கினவர்களை எனக்குத் தெரியும்.

2019 ஓகஸ்ட் 1இல் சி-93 சட்டம் வந்தது. சும்மா வைத்திருந்ததற்கான பதிவுக்கு மட்டும், விண்ணப்பக் கட்டணம் இல்லாமல், காத்திருப்புக் காலம் இல்லாமல் மன்னிப்பு. எடுத்தேன். ஆனால் அதைப் பதிவு நீக்கம் என்று நினைக்காதீர்கள். பதிவை ஒதுக்கி வைப்பார்கள், அழிக்க மாட்டார்கள். அமெரிக்கா முன்னமே படி எடுத்து வைத்திருந்தால் அது அங்கே அப்படியே இருக்கும். அழித்துவிடுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். அரசு கேட்கவில்லை. சித்தப்பா, உங்கள் பெறாமகன் போன அந்த அறைக்கு நானும் போயிருக்கிறேன்.

கிச்சனர் வேலு

நான் மதுரைப் பக்கம். படிக்க வந்து இங்கேயே வேலை. எல்லோரும் கடையைப் பற்றியும் பழைய வழக்கைப் பற்றியும் பேசுகிறீர்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது 401 நெடுஞ்சாலை.

ரூம்மேட்தான் வண்டி ஓட்டினான். ஜி2 என்ற புது ஓட்டுநர் லைசென்ஸ், பிஆர் (நிரந்தரவாசி உரிமை) கைக்கு வந்த புதிது. முதல் நாள் ராத்திரி கஞ்சா மிட்டாய் சாப்பிட்டிருக்கிறான், காலையில் தெளிவாகத்தான் இருந்தான். சாயங்காலம் இறங்கும் வழியில் போலீஸ் சோதனை. நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு குச்சியை வாய்க்குள் விட்டு உமிழ்நீர் எடுத்தார்கள். மிஷினில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிஷமும் அவன் ஜாக்கெட் கூடப் போடாமல் ரோட்டோரம் நின்றான். நடுங்கினால் போதையில் நடுங்குகிறான் என்று நினைப்பார்களோ என்று இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நடுங்காமல் நிற்கப் பார்த்தான்.

பாசிட்டிவ். ஒன்டாரியோவில் ஜி1, ஜி2 வைத்திருப்பவர், 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர், லாரி போன்ற வர்த்தக வாகனம் ஓட்டுபவர், இவர்களுக்கு ரத்தத்தில் எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. மிஷின் காட்டினால் தப்புதான். அப்போது இருந்த விதிப்படி, முதல் தடவை என்பதால் மூன்று நாள் லைசென்ஸ் முடக்கம், 250 டாலர் அபராதம். அத்தோடு விட்டது. கிரிமினல் வழக்காகியிருந்தால் கதையே வேறு. 2018 டிசம்பரில் போதையில் ஓட்டுவதற்கான அதிகபட்ச தண்டனையைப் பத்து வருஷமாக்கினார்கள். பத்து வருஷம் என்றால் குடிவரவுச் சட்டத்தில் அது "கடுமையான குற்றம்" என்ற கணக்கில் வரும். ஜட்ஜ் வெறும் அபராதம் போட்டாலும் சரி, பிஆர் பறிபோய் நாடு கடத்தும் வரை இழுக்கலாம். இங்கே பிறந்தவனுக்கு அபராதம், நமக்கு விமான டிக்கெட்.

கடை வாசலில் இதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. புதிதாக வரும் பசங்களுக்கு "இங்கே எல்லாம் லீகல் மச்சி" என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது.

ஸ்ரீல்ஸ் வடக்கு

மார்க்கம் நகரசபை கடைகளை வேண்டாம் என்றுவிட்டது. ஸ்ரீல்ஸ் வீதியின் வடக்குப் பக்கம் நாங்கள், கடை இல்லை. தெற்குப் பக்கம் ரொறன்ரோ, அங்கே உண்டு. தெருவைக் கடப்பதுதான் வித்தியாசம்.

அம்மாவுக்கு நித்திரை இல்லை. தோழி ஒருத்தி சொன்னாள் என்று தானாகவே "என்னை ஒருக்கால் அங்கே கூட்டிக்கொண்டு போ" என்றார். உள்ளே இருப்பது வெளியில் தெரியக் கூடாது என்று யன்னலெல்லாம் மறைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளே நின்ற பெடியன், "வாங்கோ அன்ரி, முதல்தரமா? இரண்டரை மில்லிகிராமில் தொடங்குவம்" என்று தமிழில் சொன்னான். அம்மா வாங்க வந்ததை மறந்துபோய், "நீ இங்கே வேலை செய்வது அம்மாவுக்குத் தெரியுமா அப்பன்?" என்று கேட்டார். "அவதான் இண்டைக்குக் கொண்டு வந்து இறக்கிவிட்டவ" என்றான். அம்மா அவனை நெடுநேரம் பார்த்தார்.

வாங்கினார். இரண்டு இரவு பாவித்தார், தலை சுற்றுகிறது என்று விட்டுவிட்டார். ஆனால் அன்றிலிருந்து "கஞ்சா விற்கிறவன்" என்று யாரையும் அவர் சொல்லிக் கேட்கவில்லை. எந்த வாதத்தாலும் மாற்ற முடியாதவர் அவர்.

பிரம்ப்ரன் தகப்பன்

மேலே எழுதியவர்கள் யாரும் இதைத் தொடவில்லை. என் மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டு, "அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்ர பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், உங்களுக்குக் கேட்கேல்லையா?" என்றான். பக்கத்து வீடு விற்பனைக்குப் போட்டு வெறுமையாகக் கிடந்தது. இப்போது மருந்தில் இருக்கிறான். அவ்வளவுதான் சொல்வேன்.

இனி எல்லாப் பெற்றோரும் வாசியுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு வந்திருந்தால் பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஊரில் சித்தியைப் பற்றி மறைத்த மாதிரி மறைக்காதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளை இதைத் தொடவே கூடாது. இருபதுகளின் நடுப்பகுதி வரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது, எவ்வளவு பிந்தித் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. பொதியில் டி.எச்.சி. வீதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் இளவயதில் கேள்விப்பட்ட சரக்கு வேறு. இப்போது பூவிலேயே 25 வீதத்துக்கு மேல் சாதாரணம், கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த சாறுகளில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. நாள்தோறும் பாவிப்பதும் வீதம் கூடியதைப் பாவிப்பதும்தான் மனநோய் ஆபத்தைக் கூட்டுகின்றன. உண்ணும் வகை ஏற மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொன்றை விழுங்குவார்கள், அங்கேதான் மாட்டுவார்கள். மாணவன் இரவில் தூங்காமல், நண்பர்களை விட்டு விலகி, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று சொன்னால், சோதனைக் காலம் முடியட்டும் என்று பொறுக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவி இணைப்புக்கு எந்த நேரமும் தொலைபேசலாம், காசு இல்லை. அடிக்காதீர்கள். சத்தியம் வாங்காதீர்கள். சாத்திரக்காரரிடம் காசைக் கொட்டாதீர்கள்.

இந்த மாகாணத்தில் 19 வயது என்று வைத்தது எந்தக் கணக்கில் என்று எனக்கு விளங்கவில்லை. கியூபெக் 2020இல் 21 ஆக்கியது. அல்பேர்ட்டாவில் 18.

மோர்னிங்சைட் பழையவன்

ஐயா, மகன் சுகமாக வேண்டும். உங்களோடு சண்டை பிடிக்க மனமில்லை, ஆனால் வயது விஷயத்தில் பிடிக்கத்தான் வேண்டும். 21 என்று வைத்தால் 19 வயதுக்காரன் நிறுத்துவானா? வீதம் எழுதாத பைக்கற் விற்பவனிடம் போவான். பொதியில் வீதத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்க்க ஒரு பொதி இருப்பதே சட்டம் வந்ததால்தான்.

பிரம்ப்ரன் தகப்பன்

தம்பி, அவன் வாங்கியது சட்டக் கடையில்தான். எல்லாப் பற்றுச்சீட்டும் அவனுடைய லாச்சியில் இருந்தது. எல்லாம் 20 வீதத்துக்கு மேல்.

தெம்பனிஸ் வாசகி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. இங்கு குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் புகைத்தாலும் குற்றம், உங்கள் ஊரில் அது சட்டப்படி சரி என்பது எடுபடாது. தம்பி டொராண்டோவில் மூன்று மாதம் வேலை செய்துவிட்டு வந்தான், சாங்கி விமான நிலையத்தில் தனியாக அழைத்துச் சிறுநீர் கேட்டார்கள். அவன் தொட்டதே இல்லை. ஆனாலும் முடிவு வரும் வரை வெளியே நின்ற அம்மா, அவன் தங்கியிருந்த வீட்டில் யாராவது புகைத்தார்களா, அது உடம்பில் ஏறியிருக்குமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே வேலைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு நண்பர்கள் ஒன்றை நீட்டும்போது இதை நினைவுபடுத்துங்கள்.

பதினாறாம் மாடி

என் விஷயம் மணம். கீழ்வீட்டுக்காரர் பல்கனியில் பிடிக்கிறார். என் மகளுக்கு ஆஸ்துமா. ஒருநாள் சாமி அறையில் சாம்பிராணி போட்டும் அந்த மணம் அடங்கவில்லை. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஆஸ்துமாப் பம்ப்பைத் தேடினாள்.

கீழே போய்க் கதைத்தேன். நல்ல மனிதர், வயதானவர். "என் வீடு, என் பல்கனி, சட்டம் விடுகிறது" என்றார். உண்மைதான். ஒன்ராறியோவில் சிகரெட் பிடிக்கக் கூடிய இடத்தில் பெரும்பாலும் கஞ்சாவும் பிடிக்கலாம். ஆனால் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாகம் கட்டடத்துக்குத் தனி விதி போடலாம். 2018இலேயே பல கட்டடங்கள் போட்டன. எங்கள் கட்டடம் தூங்கிவிட்டது. இப்போது விதி எழுதியிருக்கிறோம். ஏற்கெனவே குடியிருந்து புகைப்பவர்களுக்கு விலக்குக் கொடுப்பதா என்பதுதான் இழுபறி. விலக்குக் கொடுத்தால் கீழ்வீட்டுக்காரருக்கு ஒன்றும் மாறாது.

சட்டத்தை நான் எதிர்க்கவில்லை, யாரையும் சிறையில் போடவும் கேட்கவில்லை. மகளின் அறை யன்னலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். வாக்கெடுப்பு அடுத்த மாதம். விலக்கு இல்லாத விதிக்குத்தான் கை தூக்குவேன்.