உறவினர் குழு, பழவேற்காடு – தடா: படகுக்கு மீன் துடுப்பு

பெரியப்பா: செந்தில், தண்ணீர் வற்றும் மாதங்களில் ஏரியில் முழங்கால் ஆழமே நிற்பதால், புரொப்பல்லர் சேற்றைக் கிளறுவதும், பாசியும் அறுந்த வலையும் சுற்றிக்கொண்டு இயந்திரம் நின்றுபோவதும் வழக்கமாகிவிட்டது. மீன்வாலைப் போல அசையும் துடுப்பு என்றாயே, பலகையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் படகு எப்படி முன்னே போகும்?

செந்தில்: பெரியப்பா, விறைப்பான பலகையை ஆட்டினால் தண்ணீர் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளப்படும். துடுப்பின் முன்விளிம்பு உறுதியாகவும் பின்பகுதி நெகிழ்வாகவும் இருந்தால், ஆட்டும்போது பின்பகுதி சற்றுப் பிந்தி வளைகிறது. அதனால் துடுப்பு சாய்ந்து, தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நீரோட்டத்தில் நிற்கும் கம்பத்தின் பின்னால் உண்டாகும் சுழிகள் கம்பத்தை இழுக்கும்; வால் விட்டுச்செல்லும் சுழிகளோ அதற்கு நேரெதிராகச் சுழல்வதால், அவற்றின் நடுவே தண்ணீர் பின்னால் பீய்ச்சப்பட்டு மீன் முன்னே செல்கிறது.

மாலதி சித்தி: அப்படியானால் வேகமாக ஆட்ட ஆட்ட நல்லதா?

செந்தில்: இல்லை, சித்தி. ஒரு நொடியில் வால் ஆடும் எண்ணிக்கையை வீச்சின் அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது ஸ்ட்ரூஹால் எண். மீன்களும் டால்பின்களும் இயல்பாக நீந்தும்போது அது பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் நிற்கிறது. அந்த அளவைத் தாண்டி வேகமாக ஆட்டினால் உழைப்புதான் வீணாகும்.

என் கணிப்பில், உண்மையான சிக்கல் வடிவத்தில் இல்லை, விறைப்பில்தான் இருக்கிறது. மீன் தன் தசைகளை இறுக்கித் தளர்த்தி வாலின் விறைப்பை மாற்றிக்கொள்ளும். நாம் வெட்டிப் பொருத்தும் ரப்பர் மாறாது, ஆகவே ஏதோ ஒரு வேகத்துக்கு மட்டுமே அது பொருந்தும். 2021-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் வேகத்துக்கேற்ப வாலின் விறைப்பை மாற்றும் மீன் ரோபோவைச் செய்து, விறைப்பு மாறாத வாலுக்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய பாதியே அதற்குப் போதும் என்று காட்டினார்கள்.

பெரியப்பா: அது ஆய்வுக்கூடத்துச் சங்கதி. சுமை ஏற்றிய ஃபைபர் படகை வால் இழுக்குமா?

செந்தில்: முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும் படகுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன், அங்கே புரொப்பல்லரே மேல். ஆனால் ஓரிருவர் ஏறும் சிறுபடகுகளில், மிதித்தால் அடியில் இரண்டு நெகிழ்துடுப்புகள் பக்கவாட்டில் வீசும் பொறியை ஹோபி நிறுவனம் 1990-களிலேயே கொண்டுவந்துவிட்டது. பென்குவினின் சிறகுவீச்சுதான் அதற்கு மாதிரி. ஆழம் குறைந்த இடத்தில் துடுப்புகளைப் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

மாலதி சித்தி: பாசி அதிலும் சிக்குமே?

செந்தில்: சிக்கும், சித்தி. ஆனால் துடுப்பு முழுச்சுற்று சுழலாததால், புரொப்பல்லரில் போல நூலாகச் சுற்றி இறுகாது; கையால் உருவி எறிந்துவிடலாம்.

பெரியப்பா: சரி, மோட்டாரைக் கழற்ற வேண்டாம். நண்டு வலை வைக்கும் சின்னப் படகில் முயன்று பார்ப்போம். எந்தத் தடிமனில் ரப்பர் வாங்குவது?

செந்தில்: ஒரே தடிமனில் வாங்காதீர்கள், பெரியப்பா. மூன்று நான்கு தடிமன்களில் ஒரே அளவாக வெட்டி, முன்விளிம்புக்கு உறுதியான கம்பி கொடுத்து, ஒவ்வொன்றாக மாட்டி, ஒரே தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காற்று எழுவதற்கு முன்பே வந்துவிடுகிறேன்.