ஜோலீன் 33-ல் ஓடினால் ஏ மைனரா? கேப்போ கழற்றும் கோஷ்டிக்கு

ஊசிமுனை:
பக்கத்துத் திரியில் ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "டாலி பார்ட்டனின் ஜோலீன் பாட்டை மற்றவர்கள் பாடிய கவர்களிலேயே உச்சம், நிமிஷத்துக்கு 45 சுழற்சித் தட்டை 33-ல் போட்டுக் கேட்பதுதான். கிதாரில் வாசிக்க நாலாம் ஃப்ரெட்டில் மாட்டிய கேப்போவை (கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) கழற்றினால் போதும், அதே சுருதி." இதுக்குக் கீழே கைதட்டல் வேற.

போதாது சார். 45-ஐ 33⅓-ஆல் வகுத்தா 1.35. சென்ட் கணக்கில் (நூறு சென்ட் ஒரு அரைச்சுரம்) 519.5. அதாவது அஞ்சு அரைச்சுரம், மேலே இன்னொரு 20 சென்ட். ஒரிஜினல் ஒன்றரைக் கட்டை, சி ஷார்ப் மைனர். அங்கிருந்து இறங்கினா அஞ்சரைக் கட்டை, ஜி ஷார்ப் மைனர், அதுவும் கொஞ்சம் தொங்கலா. கேப்போ கழற்றினா நாலு அரைச்சுரம்தான் இறங்கும். ஏ மைனர், ஆறு கட்டை. ஒரு கட்டைக்கும் மேல வித்தியாசம்னு கேட்டாலே தெரியணும்.

கேப்போராஜா:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். அரைச்சுரத்துக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியாம எழுதிட்டு எனக்குப் பாடமா? ஆறுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல இருக்கறது அரைக் கட்டை. கால்குலேட்டர் எல்லாம் எதுக்கு? தட்டைப் போட்டுக் கூடவே ஏ மைனர் மீட்டினா அப்படியே ஒட்டுது. காது இருக்கறவங்களுக்குப் போதும்.

ஊசிமுனை:
அரைக் கட்டையும் 20 சென்ட்டும். எழுத்தைப் பிடிச்சுத் தொங்காதீங்க. உங்க மெஷினில் ஒட்டுதுன்னா கோளாறு மெஷினில். வேகம் மாத்த ப்ளஸ் மைனஸ் 8 விழுக்காடு ஸ்லைடர் இருந்தா அது ப்ளஸ் 7 பக்கம் நிக்குது, போய்ப் பாருங்க. 33⅓-ஐ 7.1 விழுக்காடு வேகமா ஓட்டினா சரியா ஏ மைனர் வரும். ஸ்லைடர் இல்லேன்னா மோட்டாரில் வேகம் திருத்தும் திருகு இருக்கும். தட்டு ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, மூணு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு எண்ணுங்க. நூறு வந்தா சரி. நூத்தி ஏழு வந்தா இந்தத் திரியைப் பூட்டிடலாம்.

ஸ்ட்ரோப் தட்டு (வேகம் சரியா இருந்தா விளக்கு வெளிச்சத்தில் கோடெல்லாம் நிக்கற மாதிரி தெரியும்) வச்சிருந்தா நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு உள்ள வளையத்தைப் பாருங்க, 216 கோடு அமெரிக்கக் கரண்டுக்கு. எல்ஈடி வெளிச்சத்தில் பார்த்துட்டு "கோடு நிக்கலையே"ன்னு வராதீங்க, பல எல்ஈடி சிமிட்டாது. குண்டு பல்பு வேணும்.

மெதுவா_ஒரு_கேள்வி:
முதல்ல ஒண்ணு பேசிக்கலாமா? வேகத்தைக் குறைச்சா அது கவரா? பாடினது அதே டாலி, அதே 1973 நாஷ்வில் ஒலிப்பதிவு.

கேப்போராஜா:
அதெல்லாம் அப்புறம். ஏ மைனர்.

கம்பிச்சத்தம்:
சண்டை முடியட்டும். அந்த 33 வடிவத்தை வாசிக்க வழி சொல்லுங்க யாராவது.

ஊசிமுனை:
ஆறு கம்பியையும் அரைச்சுரம் இறக்குங்க. ட்யூனரில் 440-ஐ 435 ஆக்குங்க, அந்த 20 சென்ட் தொங்கல் அதில் வந்துடும். அப்புறம் கேப்போ இல்லாமல் வழக்கமான ஏ மைனர், சி, ஜி. வேகம் ஒரிஜினலில் 110 சுமாருக்கு இருக்கு, 81-க்கு இறக்கணும். கம்பியின் இழுவிசை 13 விழுக்காடு குறையறதால மெல்லிசான 10 செட் கம்பி போட்டிருந்தா ஆறாம் கம்பி ஃப்ரெட்டில் அடிச்சு உறுமும். தடிமனான 12 செட் தாங்கும்.

சிலர் கேப்போவை நாலிலேயே வச்சு ஈ மைனர் பிடி பிடிக்கறாங்க. சுருதி கிட்ட வரும். ஆனா பெருவிரல் பேஸ் அஞ்சாம் கம்பியிலிருந்து ஆறாம் கம்பிக்குப் போயிடும், ஒரிஜினலில் சிப் யங் கிதாரில் வாசிச்ச அந்த ஓட்டத்தின் விரலமைப்பே கலைஞ்சுடும். அந்த ஓட்டம் இல்லேன்னா ஜோலீன்ல மிச்சம் மூணு கார்டுதான்.

கேப்போராஜா:
பார்த்தீங்களா, கடைசியில அவரே "ஏ மைனர்"னு எழுதிட்டார் :)

ஊசிமுனை:
பிடி ஏ மைனர், ஒலிக்கறது ஜி ஷார்ப் மைனர். இதையும் விளக்கணும்னா தனித் திரி போடுங்க.

கருப்பு_வட்டு:
ஆடாசிட்டி (ஒலி திருத்தும் மென்பொருள்) உள்ளே வேகத்தை மைனஸ் 25.926 விழுக்காடு வச்சா தட்டு இல்லாமலே கிடைக்குது. எதுக்கு இந்தக் காகிதத் துண்டு வைத்தியம்?

ஊசிமுனை:
சுருதிக்கு அது சரி. டெம்போவை மட்டும் மாத்தற கருவியைத் தொட்டுடாதீங்க, சுருதி இறங்காது, கம்பித் தெறிப்பெல்லாம் கஞ்சி மாதிரி குழைஞ்சுடும். ஆனா தட்டும் கோப்பும் ஒண்ணு இல்லை. தட்டில் ஏத்தும்போது கீழ் ஒலியைக் குறைச்சு மேல் ஒலியைத் தூக்கி வெட்டியிருப்பாங்க, ஃபோனோ ப்ரீஆம்ப் (தட்டின் ஒலியைப் பெருக்கும் கருவி) அதைத் திருப்பும். 33-ல் ஓட்டும்போது ஒலியெல்லாம் இடம் மாறி நிக்கும், ப்ரீஆம்ப் பழைய இடத்திலேயே திருப்பும். அதனால நடு அலைவரிசை ஒண்ணு ஒண்ணரை டெசிபல் பள்ளமாகும். குரல் ஆம்பளைக் குரலா மாறுறது வேற விஷயம், சுருதியோட தொண்டையின் அதிர்வு அமைப்பும் சேர்ந்து இறங்குது. அது தட்டு, கோப்பு ரெண்டிலும் வரும்.

வெள்ளைக்கோடு:
இதுக்கு இவ்ளோ அலட்டல் தேவையா? ஆம்பளைக் குரல்ல ஜோலீன் வேணும்னா ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் இருக்கே. 2000-ல் ஒரு சிங்கிள் தட்டின் பி பக்கம், 2004-ல் பிளாக்பூல் மேடை. ஒரு கிதார், ஒரு டிரம்ஸ். "என் ஆளு"ன்னு வர்ற இடத்தைக்கூட மாத்தாம ஜாக் ஒயிட் பாடறார். அதுதான் கவர்.

நாஷ்வில்_நாகு:
கத்தறதுக்குப் பேர் கவரா? ஒலிவியா நியூட்டன் ஜானை 1976-ல் கேளுங்க. பென்டடோனிக்ஸ் டாலியையே கூட நிறுத்திப் பாடி 2017-ல் கிராமி வாங்கினாங்க, கிதாரே இல்லாமல்.

வெள்ளைக்கோடு:
கிராமியைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா. 2024-ல் பியான்சே பாடினதுக்கு உங்க தீர்ப்பு என்னவோ?

நாஷ்வில்_நாகு:
அது ஜோலீனே இல்லை. டாலி கெஞ்சறார், பியான்சே எச்சரிக்கறார். கெஞ்சல் போனா பாட்டு போச்சு.

வெள்ளைக்கோடு:
டாலியே அந்த ஆல்பத்தில் வந்து பேசிட்டுப் போறார். அவருக்கு இல்லாத வலி உங்களுக்கு எங்கேருந்து வருது ஐயா?

மெதுவா_ஒரு_கேள்வி:
கவர்னா என்னன்னு...

ஊசிமுனை:
திரியை இழுத்துட்டுப் போகாதீங்க. கேப்போராஜா இன்னும் நூறா நூத்தி ஏழான்னு சொல்லலை.

கேப்போராஜா:
எண்ண மாட்டேன். ரிங் ஆஃப் ஃபயரை முதல்ல பாடினது ஜானி கேஷ்னு போன திரியில் சாதிச்சவர் சொல்றதைக் கேட்டு நான் காகிதம் ஒட்டணுமா? அனிட்டா கார்ட்டர் முன்னாடியே பாடிட்டார்னு காட்டினதும் காணாமப் போனது யாரு?

ஊசிமுனை:
காணாமப் போகலை, அங்கே பதில் போட்டிருக்கேன், படிக்காதது உங்க பிழை. இங்க கேள்வி ஒண்ணுதான். 519.5 சென்ட். ஸ்லைடர் எங்க நிக்குது?

கேப்போராஜா:
ஸ்லைடரே இல்லாத மெஷின். ஏ மைனர்.

ஊசிமுனை:
அப்ப அடியில திருகு இருக்கும். சின்ன மைனஸ் ஸ்க்ரூடிரைவர் எடுங்க. சில மாடலில் 33-க்கு ஒண்ணு, 45-க்கு ஒண்ணு, தனித்தனி. மாத்தித் திருகிட்டு அதுக்கும் என் மேல பழி போடாதீங்க.