ரேண்டம் வீடியோ சாட்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தூங்காநகரம்:
முன்பின் தெரியாத இருவரை வீடியோவில் ஜோடி சேர்த்துவிடும் ஓமெகிள் மூடிய பிறகு அதே மாதிரி எத்தனை தளங்கள் முளைத்தன என்று உங்களுக்கே தெரியும். அதில் ஒன்றில் நடந்தது, பெயர் வேண்டாம். அடுத்த ஆளுக்கு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனதில் ஒரு பெண் வந்தாள். மைக் ரிப்பேர் என்று டைப் செய்தாள். சிரித்தாள், முடியை ஒதுக்கினாள், கையசைத்தாள். பின்னால் கட்டிலில் ஒரு சாம்பல் நிறப் பூனை. எழுந்து, முதுகை வளைத்து, தலையணை மேல் ஏறி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பூனை பழைய இடத்தில் படுத்திருக்கிறது. மறுபடி எழுந்தது, முதுகை வளைத்தது, அதே தலையணை. "இடது காதைத் தொடு" என்று டைப் செய்தேன். "என் மேல் நம்பிக்கை இல்லையா? வாட்ஸ்அப் நம்பர் கொடு, அங்கே காட்டுகிறேன்" என்று பதில் வருகிறது. திரையில் அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், கை கீபோர்டு பக்கமே போகவில்லை. கட் செய்துவிட்டேன். டைப் செய்த ஆள் யார் என்பதுதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

கரிசல்காடு:
உங்களுக்குப் பூனையோடு போயிற்று. என் சித்தி பையன் நம்பரைக் கொடுத்துவிட்டான். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. எடுத்ததும் ஆடையில்லாத பெண்ணின் வீடியோ ஓடுகிறது, மூலைக் கட்டத்தில் இவன் முகம். அந்தத் திரையை அப்படியே பதிவு செய்துகொண்டார்கள். அவர்களுக்கு அது போதும், இவன் எதுவும் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அடுத்து வந்த ஸ்கிரீன்ஷாட்டில் இவன் ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியல், முதல் பெயரே எங்கள் பெரியப்பா. பயந்து பணம் போட்டான், மறுபடி கேட்டார்கள். மறுநாள் காக்கித் தொப்பி டிபி வைத்த ஒருவன், டெல்லி சைபர் கிரைம் அதிகாரி என்று இந்தியில் கத்துகிறான். வீடியோ யூடியூபில் ஏறப்போகிறதாம், நிறுத்தக் கட்டணமாம். போனை வாங்கி நான் காதில் வைத்தேன். அதிகாரிக்குப் பின்னால் ஆடு கத்துகிறது. நன்றாகக் கேட்டேன், ஆடுதான். பையன் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நல்லதேசொல்:
இந்த மாதிரி இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? போனால் இப்படித்தான். பூனை விஷயம் நெட் ஸ்லோவாக இருந்திருக்கும், அதைப் போய்ப் பெரிதாக்க வேண்டாம்.

தூங்காநகரம்:
நெட் ஸ்லோவானால் படம் உறைந்து நிற்கும் சார். ஏறி உட்கார்ந்த பூனை இறங்காமலே பழைய இடத்துக்கு வராது. ஓபிஎஸ் மாதிரி வீடியோ ஒளிபரப்பும் மென்பொருளில் விர்ச்சுவல் கேமரா என்று ஒன்று இருக்கிறது. எங்கேயோ எடுத்த வீடியோவை அதில் ஓடவிட்டால் பிரவுசர் அதை வெப்கேம் என்றே எடுத்துக்கொள்ளும்.

மலைக்கோட்டை:
ஹாஸ்டலில் தோழிகள் சேர்ந்து தமாஷுக்குப் போனோம். எதிரில் ஒரு ஆள், முகம் காட்டவில்லை, ஓடுகிற சீலிங் ஃபேன் மட்டும் தெரிந்தது. "திருச்சியா?" என்றான். குருட்டாம்போக்கில் சொல்கிறான் என்று சிரித்தோம். அடுத்து எங்கள் கல்லூரிப் பெயர். அப்போதும் சிரிப்பு முழுதாக நிற்கவில்லை. அடுத்து என் தோழியின் பெயரை இனிஷியலோடு டைப் செய்தான். அந்த இனிஷியலைப் பார்த்ததும்தான் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். பின்னால் அலமாரிக் கைப்பிடியில் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது, கழுத்துப் பட்டையிலேயே கல்லூரிப் பெயர் அச்சு. சரி, அது புரிகிறது. ஊரை மட்டும் முதலிலேயே எப்படிச் சொன்னான்?

பழையமோடம்:
எனக்கு நடந்தது சின்னது. ஒருவன் வந்ததும் கிரிப்டோ முதலீடு என்று ஒரு லிங்க் போட்டான், நெக்ஸ்ட் தட்டிவிட்டேன். ஆனால் மேலே படித்ததற்குச் சிலது சொல்ல வேண்டும்.

மலைக்கோட்டை, ஊர் தெரிந்தது ஐபி முகவரியால், அதாவது உங்கள் நெட் இணைப்புக்கு உள்ள எண்ணால் இருக்கலாம். இந்தத் தளங்கள் பலவற்றில் வீடியோ உங்கள் கணினியிலிருந்து எதிராளி கணினிக்கு நேரடியாகப் போகும், அப்போது ஐபி அவனுக்குத் தெரியும். அதை வைத்து வீட்டு விலாசம் கிடைக்காது, ஊர் தோராயமாகத் தெரியும். பல நேரம் தப்பாகவும் காட்டும். இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டால் அது மறையும், ஐடி கார்டு மறையாது.

கரிசல்காடு, இனி ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். போட்டால் தருகிற ஆள் என்று குறித்துக்கொண்டு மறுபடி வருவார்கள். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். நம்பர், யுபிஐ ஐடி, பணம் போனதற்கான யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் எண்), மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அடியுங்கள். பணம் போனவுடனே கூப்பிட்டால் அது கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம், தாமதமானாலும் புகார் புகார்தான். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 308ஆவது பிரிவில் வரும். மாட்டியவன் மேல் வழக்கு வருமோ என்று பையன் பயந்தால் இதைச் சொல்லுங்கள். எந்த நிஜ அதிகாரியும் வாட்ஸ்அப்பில் கட்டணம் கேட்கமாட்டார், ஆடு கத்தினாலும் கத்தாவிட்டாலும்.

வீடியோ பரவுமோ என்ற பயத்துக்கு ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறது. வீடியோவை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு ஹேஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீடு, உருவாகும், அது மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போல அதில் சேர்ந்த தளங்களில் அதே வீடியோ ஏறினால் அடையாளம் கண்டு தடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது. படத்தில் இருப்பவர் பதினெட்டுக்குக் கீழே என்றால் அதற்கு டேக் இட் டவுன் என்று தனியாக உண்டு. ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியலை 'ஒன்லி மீ' ஆக்குங்கள், இன்றைக்கே.

நல்லதேசொல்:
இவ்வளவு தொல்லை எதற்கு? ஓமெகிளை அரசாங்கம் தடை செய்து மூடியது போல் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டியதுதான்.

பழையமோடம்:
எந்த அரசாங்கமும் மூடவில்லை. 2009இல் பதினெட்டு வயதில் அதைத் தொடங்கிய லீஃப் கே-புரூக்ஸ்தான் 2023 நவம்பரில் மூடினார். பதினோரு வயதில் அங்கே ஒரு ஆளோடு ஜோடி சேர்க்கப்பட்டு, அவனால் வருடக்கணக்கில் சீரழிக்கப்பட்ட பெண் வளர்ந்தபின் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். குழந்தையையும் பெரியவனையும் சேர்த்துவிடும்படி கட்டப்பட்டிருப்பதே குறை என்பது அவர் தரப்பு வாதம். சமரசத்தில் முடிந்தது, தளமும் மூடப்பட்டது. போனது அந்தப் பிள்ளையின் தப்பு என்று அவரிடம் சொல்வீர்களா?

நல்லதேசொல்:
நான் சின்னப் பிள்ளைகளைச் சொல்லவில்லை.

கரிசல்காடு:
மோடம் அண்ணே, நன்றி. சாட் அப்படியே இருக்கிறது, யுடிஆர் எண்ணை வங்கி மெசேஜிலிருந்து எடுத்துவிட்டோம். 1930 லைன் கிடைத்தது, புகார் எண் கொடுத்தார்கள். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தொப்பிக்காரன் இப்போது வேறு நம்பரிலிருந்து கூப்பிடுகிறான். அதையும் பழைய புகாரிலேயே சேர்க்கலாமா, தனியாகப் போட வேண்டுமா?