மூன்று பேர் கிளம்பி ஒருவர் மட்டும் ஏன் முடிக்கிறார்? (பெண்கள் டீம் ஸ்பிரிண்ட்)

மொட்டைமாடி மணி கேட்டது:

தூக்கம் வராமல் நேற்று ராத்திரி 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் டீம் ஸ்பிரிண்ட், அதாவது சாய்வான வட்டத் தளத்தில் அணியாக ஓட்டும் சைக்கிள் பந்தயம். இறுதிப் போட்டி, பிரிட்டனும் நியூசிலாந்தும். அணிக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் முன்னால் போனவர் சரிவில் மேலே ஏறி ஒதுங்கிவிட்டார். பாவம், பஞ்சர் போல என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் இன்னொருவரும் ஒதுங்கினார்! கடைசியில் தனியாக வந்து முடித்தவரைப் பார்த்து மூன்று பேருமே குதிக்கிறார்கள்.

அடுத்து 2012 லண்டன் வீடியோ வந்தது. அதில் அணிக்கு இரண்டு பேர்தான். கோட்டை முதலில் தொட்டது சீனா, தங்கம் ஜெர்மனிக்கு. ஒன்றும் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிழக்கு லண்டன் செல்வி:

மணி அண்ணா, பஞ்சர் இல்லை, அவர்கள் வேலை முடிந்தது. அவ்வளவுதான்.

ஒரு சுற்று 250 மீட்டர். முதல் ஆள் ஒரு சுற்று இழுப்பார், இரண்டாவது ஆள் இன்னொன்று, மூன்றாவது ஆள் கடைசிச் சுற்று. மூன்றாமவர் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். எதற்குச் சேர்ந்தே போகிறார்கள் என்றால், காற்றுதான் காரணம். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்கிறார். கடைசி ஆள் இரண்டு சுற்று அவர்கள் மறைவில் வேகம் சேர்த்துக்கொண்டு, தன் முறை வரும்போது மிச்சம் வைத்திருந்ததை எல்லாம் கொட்டுகிறார்.

எனக்கு இதில் பிடித்தது முதல் ஆள்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். அவருடைய பின்சக்கரத்தை ஸ்டார்ட் கேட் பிடித்திருக்கும், எண்ணிக்கை முடிந்ததும் விடும். சுமார் 18 வினாடியில் அவர் கதை முடிந்துவிடும், கேமராவும் அவரை விட்டுவிடும். பாரிஸில் நியூசிலாந்தின் முதல் ஆள் ரெபெக்கா பெட்ச், முன்பு பிஎம்எக்ஸ் (மேடுபள்ளத் தடத்தில் சின்ன சைக்கிள் ஓட்டும் பந்தயம்) பந்தயக்காரர். அங்கேயும் கேட் விழுந்ததும் பாய்வதுதான் பிழைப்பு. பிரிட்டனின் முதல் ஆள் கேட்டி மார்ச்சன்ட் 2022-இல் குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர். அவருக்குப் பின்னால் சோஃபி கேப்வெல், கடைசியில் எம்மா ஃபினுகேன். 45.186 வினாடி, அன்றைக்கு அது உலக சாதனை.

இப்போது லண்டன் கதை. ஆகஸ்ட் 2, 2012. டிக்கெட் கிடைக்கவில்லை, வேலை செய்த இடத்துக் கேண்டீனில் டிவி முன்னால் நின்றோம். இறுதிக்கு முந்தைய போட்டியில் பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டன், ஜெஸ் வார்னிஷ் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டிருந்தபோதே தகுதிநீக்கம் என்று போட்டார்கள். தட்டு கழுவுகிறவர்கூட நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

முதல் ஆள் தன் சுற்றை முடித்துக் கோட்டைத் தொடும்வரை பின்னால் இருப்பவர் முந்தக் கூடாது. ஆனால் இரண்டாமவர் ஒட்டியே போனால் வேகம் எடுக்க முடியாது. அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டு, பிறகு அந்த இடைவெளியைத் துரத்திப் பிடித்து, சரியாகக் கோட்டில் வந்து சேர வேண்டும். ஒரு துளி சீக்கிரம் வந்தால் தப்பு. வேகம் அதிகமாக இருந்ததுதான் குற்றம்! பிரிட்டன் வெளியே போனதால் ஜெர்மனி இறுதிக்கு வந்தது. இறுதியில் சீனா 32.619, ஜெர்மனி 32.798. ஆனால் சீனாவும் அதே தப்பைச் செய்திருந்ததால் தங்கம் ஜெர்மனிக்குப் போனது. ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகலும் மிரியம் வெல்டேயும் ஒரே நாளில் இரண்டு முறை பிழைத்தார்கள். அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. தப்பில்லாமல் ஓட்டியது அவர்கள்தானே என்பேன் நான்.

சைக்கிள்கடை ரவி:

அந்த சைக்கிளில் பிரேக்கும் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். இடைவெளி கொஞ்சம் தப்பிப்போனால் காலை நிறுத்தி வேகம் குறைக்க முடியாது. நம்ம கடைக்கு வந்தால் ஓட்டிப் பார்க்க ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கிழக்கு லண்டன் செல்வி:

ரவி அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. அந்த லண்டன் வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தய அரங்கு) காசு கட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் மரத்தளம் 42 டிகிரி சாய்ந்து நிற்கும், கீழிருந்து பார்த்தால் சுவர். பெடலை நிறுத்தாதே என்று பயிற்சியாளர் நான்கு முறை சொன்னார். ஐந்தாவது நிமிடத்தில் பழக்கதோஷம், நிறுத்தினேன். பெடல் என் காலைத் தூக்கி எறிந்தது. அதன்பின் முக்கால் மணி நேரம் கீழ்க்கோட்டைவிட்டு மேலே போகவில்லை. கூட வந்த பத்து வயதுப் பையன் மேலே பறந்துகொண்டிருந்தான்.

மொட்டைமாடி மணி:

தெளிவாகிவிட்டது, நன்றி செல்வி. அப்புறம் முதலில் ஏன் இரண்டு பேர்?

கிழக்கு லண்டன் செல்வி:

பெண்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். ஆண்களுக்கு 2000 சிட்னியிலேயே மூன்று பேர், மூன்று சுற்று. பெண்களுக்கு உலகப் போட்டியில் 2007-இல் ஆரம்பம், ஒலிம்பிக்ஸில் 2012, இரண்டு பேர், இரண்டு சுற்று. 2021-இல் பிரான்ஸின் ரூபே நகரில் நடந்த உலகப் போட்டியில்தான் மூன்றானது. அதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்கூட இரண்டு பேர் கணக்குதான், அதில் தங்கம் சீனாவுக்கு.

2012-இல் தங்கம் கைநழுவிய சீன ஜோடியில் முதல் ஆள் கோங் ஜின்ஜியே. 2016 ரியோவில் ஜோங் தியான்ஷியோடு திரும்பி வந்தார். இருவர் ஹெல்மெட்டிலும் பீஜிங் ஓபரா முகங்கள் வரைந்திருந்தன. இந்தத் தடவை முதல் ஆள் ஒதுங்கி அடுத்தவர் முன்னால் வரும் மாற்றம் சுத்தமாக இருந்தது. அந்த வீடியோவையும் பாருங்கள், அண்ணா. ஆனால் ராத்திரி வேண்டாம், தூக்கம் போய்விடும்.