“சீனியரை ஏன் எடுத்தாங்க?” செலக்‌ஷன்ல நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

குன்னூர் மூணாம் நம்பர்:

ஊட்டி இருக்கறது 2,240 மீட்டர் உயரத்துல. பெண்கள் வாலிபால் நெட்டோட உயரம் 2.24 மீட்டர். எங்க பி.டி. டீச்சர் முதல் நாளே இதைச் சொல்லித்தான் மனப்பாடம் பண்ண வெச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் மறக்கலை.

போன ஞாயித்துக்கிழமை அதே ஊட்டியில பொண்ணுங்க செலக்‌ஷன். வேடிக்கை பார்க்கப் போன என்னை, பழகின முகம்னு பந்து பொறுக்கிப் போடவும் நிறுத்திட்டாங்க. மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் இறங்கி எதிர் கோர்ட்டே தெரியலை. அப்படியும் முடிச்சு லிஸ்டை வாசிச்சாங்க. கேட் பக்கத்துல ஒரு அப்பா என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. “ஏம்மா, 29 வயசு, கைக்குழந்தைக்காரி. அவளை எடுத்துட்டு 18 வயசுப் பொண்ணை விட்டுட்டீங்களே, இது நியாயமா?” நான் செலக்டர் இல்லைங்கன்னு சொன்னேன். ஆனா வாய் அடைச்சுப் போச்சு. ஏன்னா அந்த ‘சீனியர்’ இடத்துல நான் இருந்திருக்கேன்.

நான் நெட் பக்கம் நடுவுல, மூணாம் நம்பர்ல நின்னு பிளாக் போடறவ, அதாவது எகிறி எதிராளி அடியைத் தடுக்கறவ. இந்தியா ஜெர்சி மூணு தடவை போட்டிருக்கேன். மூணாவது தடவை போட்டிருக்கக் கூடாது.

அப்ப எனக்கு 31. நேஷனல்ஸ் ஆட்டத்தைப் பார்த்து உத்தேச லிஸ்ட் போட்டு, கேம்ப்புக்குக் கூப்பிட்டு, அதுல வடிகட்டி கடைசியில 14 பேர். அந்த 14லயும், பின்னாடி நின்னு பந்து எடுக்கறதுக்குன்னே இருக்கற லிபரோ ரெண்டு பேர் போனா மிச்சம் 12 இடம். நடுப் பிளாக்கருக்கு மூணு, மிஞ்சிப் போனா நாலு. எனக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே தசைநார் ஒட்டற இடத்துல ஒரு வருஷமா வலி. ஜம்ப் டெஸ்ட் அன்னைக்கு மாத்திரை போட்டு, டேப் சுத்தி, மேல நீ-பேடை இழுத்து விட்டுக்கிட்டு எகிறினேன். போன வருஷத்தை விட ரெண்டு விரற்கடை கம்மி. மேஜையில ஒருத்தர், “பரவாயில்லை, எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு”ன்னாரு. அவ்வளவுதான், நான் உள்ளே.

வெளியே போனது என் ரூம்மேட். 20 வயசு, தென்மாவட்டத்துப் பொண்ணு. என் முட்டியை ராத்திரி ராத்திரி பார்த்தவ அவ ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் இடம் அவளுக்கு. சொல்லலை. பெட்டி கட்டி முடிச்சுட்டு, அவகிட்ட மீதியிருந்த டேப் ரோலை என் கட்டில்ல வெச்சுட்டு, “அக்கா, உங்களுக்குத் தேவைப்படும்”னுட்டுப் போயிட்டா.

எந்த டோர்னமெண்ட்னு கேக்காதீங்க. ரெண்டாவது மேட்ச், நாலாவது செட். அடிக்கறவளுக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்கற எதிராளி செட்டர், ஓரத்துக்குப் பந்தைத் தள்ளறது எனக்கு முன்கூட்டியே தெரியுது. தெரிஞ்சும் காலு போகலை. எனக்கும் பக்கத்துப் பிளாக்கருக்கும் நடுவுல ஒரு முழம் சந்து. அந்த சந்துலயே நாலு பந்து அடிச்சாங்க. கோச் என்னை உக்கார வெச்சாரு, அதுக்கப்புறம் எழுப்பவே இல்லை.

அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும்? செலக்‌ஷன்ல இப்படிப் பார்த்தவங்க, பட்டவங்க எழுதுங்க.

கட்டபெட்டு வாத்தியார்:

தங்கச்சி, 34 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். சில வருடம் தேர்வு மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். உன் கதையில் உன் தப்பு பாதி, மேஜையின் தப்பு பாதி. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சரக்கை எல்லா இடத்துக்கும் ஒரே விலையில் வாங்கியிருக்கிறார்கள்.

நடுவில் நிற்பவள் பந்து தனக்கு வந்தாலும் வராவிட்டாலும் எகிற வேண்டும். போலியாக எகிறினால்தான் எதிராளி பிளாக்கர் ஏமாறுவாள். ஒரு செட்டில் அவள் எத்தனை முறை எகிறுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் வெறுங்கை. முட்டி போனால் அந்த இடத்தில் அனுபவம் கால் காசு பெறாது. செட்டர் கதை வேறு. பிரேசிலின் ஃபொஃபாவ் 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியபோது வயது 38, அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். ஜப்பானின் யோஷியே தகேஷிதா வெறும் 1.59 மீட்டர். நம் ஊர்த் தேர்வில் டேப்பை வைத்து அளந்ததுமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அவர் 34 வயதில், 2012 லண்டனில், வெண்கலம் வாங்கிய அணிக்கு செட்டர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஆடிய காலத்தில் சர்வீஸ் போட்ட பக்கத்துக்குத்தான் பாயிண்ட், 15க்கு ஆட்டம். தப்பு செய்தால் பல சமயம் சர்வீஸ் மட்டும் கை மாறும், அடுத்த பந்தில் திருப்பிக் கொள்ளலாம். 1990களின் கடைசியில் ஒவ்வொரு பந்துக்கும் பாயிண்ட் என்று மாற்றி 25 ஆக்கினார்கள், ஐந்தாவது செட் மட்டும் 15. அதற்குப் பிறகு ஒரு சின்னப் பெண்ணின் பதற்றம் நேரே ஸ்கோர் போர்டில் ஏறுகிறது. 23-23இல் சர்வீஸை வலையில் அடிக்காதவள் யார் என்று 9-3-6-3-9 ஓட்டத்தில் எப்படித் தெரியும்? கோடு தொட்டுத் திரும்பும் அந்த ஓட்டத்தில் 18 வயதுதான் ஜெயிக்கும், அது வைத்திருப்பதே அதற்குத்தான்.

ஒரு சம்பவம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேர்வு. 33 வயதுப் பெண், பேங்க் வேலை, செட்டர். புடவையில் வந்து, உடை மாற்றிக்கொண்டு இறங்கினார். ஓட்டத்தில் கடைசி, எகிறலில் கடைசிக்கு முந்தி. பிறகு ஆறு ஆறு பேராகப் பிரித்து ஆட விட்டேன். அவர் இருந்த பக்கம் ஜெயித்தது. அவரைத் தோற்ற பக்கத்துக்கு மாற்றினேன். அந்தப் பக்கம் ஜெயித்தது. சந்தேகம் தீராமல் மூன்றாவது முறையும் மாற்றினேன், அப்போதும் அதே கதை. அவர் ஒன்றும் பிரமாதமாகச் செய்யவில்லை. யாருக்குக் கை சூடாக இருக்கிறதோ அவளுக்குப் பந்து போயிற்று, தடுமாறிய பிள்ளைக்கு இரண்டு சுற்று பந்தே போகவில்லை, மூன்றாவது சுற்றில் நெட்டை விட்டுத் தள்ளி ஒரு சுலபமான பந்து. அந்தப் பிள்ளை அதை அடித்துவிட்டுச் சிரித்தது.

நான் பேரை எழுதினேன். மேஜையில் மற்றவர்கள் “வயசு சார்” என்றார்கள். நான் அன்று வாதாடவில்லை. மலை ஏறும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம்.

பாலாடா கேரட்:

எல்லாம் சரி சார். எக்ஸ்பீரியன்ஸ்ங்கறது சிபாரிசுக்கு இன்னொரு பேருன்னு ஏன் யாரும் எழுத மாட்டேங்கறீங்க? நேஷனல்ஸ்ல ரயில்வே மாதிரி டிபார்ட்மெண்ட் டீமுங்கதான் பெரிய கை. அங்க வேலை கிடைச்சவளுக்கு தினம் கிரவுண்டு, கோச், மேட்ச். பத்து வருஷத்துல எக்ஸ்பீரியன்ஸ் தானா வந்துடும். எங்க ஊர்ல கேரட் மூட்டை தூக்கிட்டு சாயங்காலம் ஆடற பொண்ணுக்கு எங்கிருந்து வரும்? என் தங்கச்சி அப்படித்தான். ரெண்டு செலக்‌ஷன், ரெண்டு தடவையும் “அனுபவம் பத்தலை”. அனுபவம் குடுத்தாத்தானே இருக்கும்!

தேவாலா லிபரோ:

கேரட் அண்ணா சொல்றதுல பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் எழுதறேன்.

எங்க தாத்தா பாட்டி 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்க, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயோட லைன் வீட்டுல குடியேறினவங்க. தாத்தாவுக்கு வாலிபால்னா உசிரு. அந்த நாட்டுக்கே 1991லேர்ந்து அதுதானே தேசிய விளையாட்டு. எங்க லைன் கோர்ட் ஒரு பக்கம் சரிவு. பந்து தப்பினா தேயிலைக்குள்ள உருண்டு, அட்டை கடிச்சுக்கிட்டே தேடணும். அதுக்குப் பயந்தே பந்தைக் கீழ விட மாட்டோம். நான் லிபரோ ஆனதுக்குக் காரணம் எந்தக் கோச்சும் இல்லை, அட்டைதான்.

ஒரு கேம்ப்ல எனக்கு 21, இன்னொரு லிபரோ அக்காவுக்கு 32. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு பேச்சு அடிபட்டுச்சு. டைவ்ல நான் வேகம். முதல் பிராக்டிஸ் மேட்ச்ல அந்த அக்கா டைவே அடிக்கலை. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். ரெண்டாவது செட்லதான் உறைச்சுது: அடிக்கறதுக்கு முன்னாடியே அங்க போய் நின்னுடறாங்க, அப்புறம் எதுக்கு டைவ்? ராத்திரி கேட்டேன். “அவளை ஆறு வருஷமா நேஷனல்ஸ்ல பாக்கறேன் கண்ணு. பாஸ் நெட்டை விட்டு விலகினா அவ அடிக்க மாட்டா, தட்டித்தான் விடுவா. இவ தோள் திறந்தா கோட்டோரம், மூடினா குறுக்க.” இப்படி ஒவ்வொருத்தியைப் பத்தியும். மனசுக்குள்ள ஒரு கணக்கு நோட்டே வெச்சிருந்தாங்க.

அவங்களைத்தான் எடுத்தாங்க. எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா அநியாயம்னு தோணலை. போறப்ப அந்த நோட்டை வாயாலயே எனக்கு ஒப்பிச்சுட்டுப் போனாங்க, ரெண்டு மணி நேரம்.

இத்தாலி கதை தெரியும்ல? 2023ல அவங்க லிபரோ மோனிகா டி ஜென்னாரோவை அப்ப இருந்த கோச் டீம்ல இருந்து விட்டுட்டாரு. இத்தாலியும் சேர்ந்து நடத்தின ஐரோப்பியப் போட்டியிலயே இத்தாலி நாலாவது. 2024ல வெலாஸ்கோ கோச்சா வந்து திரும்பக் கூப்பிட்டாரு. பாரிஸ் ஒலிம்பிக்ல அமெரிக்காவை 3-0ன்னு ஜெயிச்சு தங்கம், அவங்களுக்கு 37 வயசு. லிபரோ சர்வீஸ் போட முடியாது, பிளாக் போட முடியாது. அந்த வயசுல எங்களுக்கு விற்க மிச்சமிருக்கறது கண்ணு மட்டும்தான்.

லவ்டேல் அம்மா:

சீனியரா ஜூனியரான்னு எல்லாரும் அடிச்சுக்கறீங்க. சீனியர் எங்கப்பா இருக்காங்க முதல்ல? என் வயசு செட்ல ஆடின 12 பேர்ல 26 வயசுக்கு மேல ஆடினது நாங்க ரெண்டு பேர். மத்தவங்க எல்லாம் கல்யாணம், குழந்தை, அவ்வளவுதான். செட்டருக்கு விவரம் புரிய ஆரம்பிக்கற வயசும், வீட்டுல பொண்ணு பாக்க வர்ற வயசும் ஒண்ணு.

நான் ஆடினது மாமியாரால. பையனுக்கு ஒன்பது மாசம், கேம்ப் சென்னையில. “நான் வர்றேன், கிளம்பு”ன்னு குழந்தையைத் தூக்கிக்கிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டாங்க. அதுக்கு முன்னாடி அவங்க வாலிபால் பார்த்ததே இல்லை. மூணாம் நாள் கேலரியில இருந்து கத்தறாங்க, “அம்மாடி, அந்த நெட்டச்சி உன்னையே பாத்து அடிக்கறா, தள்ளி நில்லு!” உண்மைதான், பிரசவத்துக்கு அப்புறம் நான் மெதுவாயிட்டேன்னு தெரிஞ்சு என்மேலயே அடிச்சுக்கிட்டிருந்தா. கோச் சிரிச்சுட்டு, “பாட்டிக்கு ஒரு சேர் போடுங்க”ன்னாரு.

ஆமா, ஒரு விஷயம். மலையில ஆடிட்டுக் கீழ போனா முதல் ரெண்டு நாள் என் சர்வீஸ் எல்லாம் குட்டையா விழும். இங்க காத்து மெலிசு, பந்து தன்னால போகும். இதை யாரும் சொல்லித் தரலை. மூணாவது கேம்ப்லதான் நானே கண்டுபிடிச்சேன். முதல் ரெண்டு கேம்ப்ல இதுக்கே கழிச்சு விட்டிருப்பாங்களோ என்னவோ. கேரட் தம்பி, தங்கச்சிகிட்ட சொல்லுங்க, செலக்‌ஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இறங்கிடணும்.

குன்னூர் மூணாம் நம்பர்:

எல்லாத்தையும் படிச்சேன். வாத்தியார் ‘பாதி’ன்னு சொன்னதை ஏத்துக்கறேன், என் பாதி கொஞ்சம் பெரிசு.

அந்த 29 வயசுக்காரி செட்டர். இப்பத்தான் அந்த அப்பாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் இருக்கு, ஆனா அதைச் சொன்னாலும் அவருக்கு ஆறப் போறதில்லை. புதன்கிழமை ரெண்டு பேரையுமே குன்னூர்ல எங்க கோர்ட்டுக்குக் கூப்பிட்டேன். செட்டர் குழந்தையோட வந்தா. பொண்ணு அப்பாவோட வந்தா, அவரு உள்ள வராம வேலிக்கு அந்தப் பக்கமே நின்னாரு. பொண்ணுக்கு நல்ல எகிறல், ஆனா பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே மேல போயிடறா. செட்டர் ஒண்ணும் சொல்லலை. பந்தைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமா தாமதமாக்கி, அரைமணி நேரத்துல அவளைச் சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டா. அந்தப் பொண்ணுக்கே தெரியாது. ஒரு அடி வேலியைத் தாண்டித் தேயிலைக்குள்ள போச்சு. அப்பாதான் இறங்கி எடுத்து வந்தாரு. ஷூ எல்லாம் சேறு. பந்தைப் பொண்ணுகிட்ட குடுக்கலை, செட்டர்கிட்ட குடுத்தாரு.

அந்த டேப் ரோல் இன்னும் என் பீரோவுல இருக்கு, பசை காஞ்சு போச்சு. அந்த வருஷக் கேம்ப்ல கடைசி நாள் திரும்பிப் போன தென்மாவட்டத்துப் பொண்ணை யாருக்காவது தெரிஞ்சா, குன்னூர் அக்கா ஒரு டேப் கடன் பாக்கி வெச்சிருக்கான்னு சொல்லுங்க. பேரை இங்க போட வேண்டாம், அவகிட்ட மட்டும் சொன்னாப் போதும்.